வலிமை என்னும் சொல்லும் வலுவூட்டிய அலுமினியமும்

விஞ்ஞானப் பொருள்களைத் தமிழில் எழுதுவோர் தொகை நாளுக்குநாள் பெருகி வருதல் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், எழுதப்படுவன யாவும் அறிவை வளர்க்கின்றனவா என்பது வேறொரு வினா. வியப்பூட்டுதலையே நோக்கமாகக் கொண்ட எழுத்து, படிப்பவன் உள்ளத்தில் ஒரு கணம் மின்னி மறையும். அவன் அறிவில் ஒன்றையும் நிறுத்தாது. இக்குறைபாட்டைத் தெளிவாகக் காணத்தக்க இடங்களுள் ஒன்று, வலுவூட்டப்பட்ட அலுமினியக் கூட்டுப்பொருள்களைப் பற்றிய எழுத்துக்களாகும். 'இரும்பினும் வலியது, ஆயினும் இலேசானது' என்னும் வாய்பாடு இவ்வெழுத்துக்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது. அவ்வாய்பாடு எத்துணை உண்மை, எத்துணை மயக்கம் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டுப்பொருள் என்பது தமிழ் மக்களுக்குப் புதியதன்று. களிமண்ணோடு வைக்கோலைக் கலந்து சுவர் எழுப்பிய முன்னோர் அதன் தத்துவத்தைக் கையால் அறிந்தவர்கள். வைக்கோல் மண்ணாகிவிடுவதில்லை, மண்ணும் வைக்கோலாகிவிடுவதில்லை. இரண்டும் தத்தம் இயல்பு கெடாது நின்று, தனித்து நின்றால் இயலாத தொன்றைச் சேர்ந்து நின்று செய்கின்றன. கம்பியிட்ட கொங்கிறீற்றும் அத்தகையதே. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்த சல்லிக் கிராமத்தின் மணலில் இன்று ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் 'பைபர்' படகுகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. கண்ணாடியிழை வலுவூட்டியாகவும், அதனைப் பற்றி நிற்கும் பிசின் தாய்ப்பொருளாகவும் அமைந்த கூட்டுப்பொருள்கள் அவை. மரவள்ளத்தினின்று அப்படகுக்கு மாறிய மீனவன், நூலறிவின் துணையின்றியே, ஒரு கூட்டுப்பொருளின் நன்மையையும் தீமையையும் அறிந்துகொண்டான். அது உளுக்காது, இலேசானது, ஆனால் பாறையில் உராய்ந்து இழை வெளிப்பட்ட இடத்தை உடனே பூசி அடைக்காவிடின் நீர் உள்ளிறங்கும். நன்மையோடு தீமையையும் சேர்த்து அறியும் இந்த நோக்கே நூலெழுதுவோர்க்கும் வேண்டற்பாலது.

அலுமினியத்தை வலுவூட்டும்பொழுது தாய்ப்பொருள் உலோகமாகின்றது. சிலிக்கன் காபைட்டு, அலுமினா போன்ற மட்பொருட் துணிக்கைகளோ, போரன், காபன் ஆகியவற்றின் இழைகளோ அவ்வுலோகத்தினுள் பரப்பப்படுகின்றன. இதனைக் 'கலப்புலோகம்' என்று வழங்குவது முதற் பிழையாகும். கலப்புலோகத்திற் செம்போ சிலிக்கனோ உருகிய அலுமினியத்திற் கரைந்து, அதன் உள்ளமைப்பையே மாற்றுகின்றது. கூட்டுப்பொருளிலோ துணிக்கை கரைவதில்லை. கரையாமல் நிற்பதே அதன் பயன். இவ்விரண்டையும் ஒரு சொல்லால் வழங்கினால், பின்னர் வரும் விளக்கம் அனைத்தும் தடுமாறும்.

இனி, 'வலியது' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பேச்சுவழக்கில் ஒரு பொருள் வலியது என்றால், அது வளையாது, உடையாது, தேயாது, கீறுபடாது என்பன யாவும் ஒருங்கே குறிக்கப்படும். பொறியியலிலோ இவை வெவ்வேறு இயல்புகள். சுமையின்கீழ் உருமாற மறுப்பது விறைப்பு; அதனை யங்கின் மட்டாற் கணிப்பர். அறுவதற்குமுன் தாங்கும் மிகப் பெரிய தகைப்பு வலிமை. மேற்பரப்பிற் பள்ளம் விழ மறுப்பது வன்மை. அறுமுன் எவ்வளவு நீளும் என்பது நீட்சி. வெடிப்பு ஒன்று தோன்றியபின்னும் அது பரவவிடாது தடுப்பது பிளவு தாங்குதிறன். இவ்வைந்தும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போன்றவை; உறவுண்டு, ஆனால் ஒருவர் வளர்ந்தால் மற்றவரும் வளர்வர் என்னும் நியதியில்லை. வலுவூட்டிய அலுமினியத்தைப் பொறுத்தவரை, முதல் மூன்றும் உயரும்பொழுது பின்னைய இரண்டும் தாழ்வதே பெரும்பான்மை வழக்கு.

எண்களைக் கொண்டு நோக்கின் இது தெளிவாகும். உருக்கின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 7.85 கிராம், யங்கின் மட்டு ஏறத்தாழ 207 கிகா பஸ்கல். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, மட்டு 70. மட்டை அடர்த்தியால் வகுத்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய 26 என்னும் ஒரே ஈவே கிடைக்கின்றது. அஃதாவது, நிறைக்கு நிறை வைத்து இழுத்துப் பார்த்தால், வெறும் அலுமினியம் உருக்கை விஞ்சுவதுமில்லை, அதற்குத் தோற்பதுமில்லை. இலேசான உலோகம் என்பதாலேயே அது விறைப்பில் மேம்பட்டது எனக் கொள்வது தவறு. இச்சமநிலையைக் குலைத்து அலுமினியத்தின் பக்கம் தட்டைத் தாழ்த்துவதே வலுவூட்டலின் முதற்பயனாகும். சிலிக்கன் சேர்ந்த வார்ப்பு அலுமினியத்தின் மட்டு ஏறத்தாழ 75. அதனுட் கனவளவில் 20 வீதம் சிலிக்கன் காபைட்டுத் துணிக்கைகளைப் பரப்பினால், மட்டு 100-ஐ அண்மிக்கின்றது, அடர்த்தியோ 2.8-ஐத் தாண்டுவதில்லை. ஈவு 26-இலிருந்து 35 ஆகின்றது. இஃது உண்மையான, பெருமைப்படத்தக்க பேறு.

ஆனால் அதே பொருளின் நீட்சியைக் காண்க. வெப்பப் பரிகரிப்புச் செய்த வார்ப்பு அலுமினியம் அறுவதற்குமுன் ஏறத்தாழ 6 வீதம் நீளும். 20 வீதத் துணிக்கை சேர்ந்தபின் அந்நீட்சி அரை வீதத்தையும் எட்டுவதில்லை. இழுவை வலிமை 276 மெகா பஸ்கலிலிருந்து 350 அளவுக்கு உயர்கின்றது என்பது மெய்யே. ஆயின் நான்கிலொரு பங்கு வலிமை கூடியதற்குப் பன்னிரண்டிலொரு பங்காக நீட்சி குறைந்தது. முதல் எண்ணை மட்டும் எழுதி இரண்டாம் எண்ணை விடுத்தல், வரவை எழுதிச் செலவை மறைத்த கணக்குப் புத்தகத்துக்கு ஒப்பாகும்.

இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. மீன்பிடிப் படகின் பின்புறத்திற் பூட்டும் இயந்திரத்தின் விசிறி பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தால் வார்க்கப்படுவது. ஆழங் குறைந்த இடத்திற் கற்பாரில் மோதினால் அதன் இதழ் வளையும். வளைந்த இதழுடன் படகு ஆடியாடியேனும் கரை சேரும்; பின்னர் அதனைத் தட்டி நிமிர்த்தவும் கூடும். அவ்விதழை 20 வீதத் துணிக்கை சேர்ந்த கூட்டுப்பொருளாற் செய்தால், அது தேய்வைத் திறம்படத் தாங்கும். மணல் கலந்த நீரிலும் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் கல்லில் மோதிய அன்று வளையாது, முறியும். இரண்டில் எது 'வலியது' என்று கேட்டால், விடை சொல்லின் பொருளைப் பொறுத்தது. கரைக்கு அப்பால் இயந்திரம் நின்ற மனிதனுக்கோ அது உயிரைப் பொறுத்தது. ஒரு சொல்லைப் பிரித்துணராமையால் நேரும் கேடு இத்தகையது.

அடுத்து ஆராயத்தக்கது சராசரி பற்றிய மயக்கம். இரு பொருள்கள் சேர்ந்தால் அவற்றின் இயல்புகள் விகிதப்படி கூடும் எனக் கொண்டு, பலர் எளிதாகக் கணித்துவிடுகின்றனர். அலுமினியத்தின் 75-ஐ 0.8-ஆலும், சிலிக்கன் காபைட்டின் 420-ஐ 0.2-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 144 கிகா பஸ்கல் வரும். அளந்து பெற்ற பெறுமானமோ 100-க்கு அணித்தே நிற்கின்றது. இவ்வேறுபாடு ஏன்? எளிய கூட்டல் முறை, நீண்ட இழைகள் யாவும் சுமையின் திசையிலே படுத்திருக்கும்பொழுது மட்டும் பொருந்துவது. அப்பொழுது இழையும் உலோகமும் சமமாக நீள்கின்றன. விறைத்த இழை பெருஞ்சுமையைத் தன்மேல் வாங்கிக்கொள்கின்றது. துணிக்கைகள் தனித்தனியே சிதறிக் கிடக்கும்பொழுது அங்ஙனம் நிகழ்வதில்லை. உலோகமும் துணிக்கையும் அடுக்கடுக்காய் நின்று ஒரே தகைப்பைத் தாங்குவதாகக் கொண்டு, தலைகீழிகளின் வழியாகக் கணித்தால், ஏறத்தாழ 90 கிடைக்கின்றது. உண்மை இவ்விரு வரம்புகளுக்குமிடையே, கீழ்வரம்பையே அணைந்து கிடக்கின்றது. மேல்வரம்பை விடையாக எழுதுபவர் பொய் எழுதவில்லை. வேறொரு பொருளைப் பற்றி எழுதுகின்றார்.

திசையைப் பற்றிய இவ்வுண்மை விண்வெளித் துறையில் நன்கு விளங்கிற்று. 1981-இல் முதற் பறப்பை மேற்கொண்ட அமெரிக்க விண்ணோடத்தின் நடு உடலில் இருநூறுக்கு மேற்பட்ட போரன்-அலுமினியக் குழாய்கள் சட்டங்களாகப் பொருத்தப்பட்டன. 1990-இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைகாட்டியின் அலைவாங்கியைத் தாங்கும் தண்டு காபன் இழையும் அலுமினியமும் சேர்ந்த கூட்டுப்பொருளாலாயது. சட்டமும் தண்டும் தம் நீளத்தின் வழியே சுமை தாங்குவன. ஆதலின் இழைகளை அத்திசையிலே கிடத்தினர். அதே போரன்-அலுமினியத்தை இழைக்குக் குறுக்கே இழுத்தால், அதன் வலிமை நெடுக்கு வலிமையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகச் சுருங்கிவிடும். விண்ணோடத்தின் எண்ணை எடுத்து மோட்டார் வண்டியின் துணிக்கை வார்ப்புக்குச் சூட்டுவது, பனை நாரின் உறுதியைப் பனஞ்சோற்றுக்கு ஏற்றிப் பேசுவது போலாகும்.

மோட்டார் வண்டித் தொழிலிற் சிறந்த எடுத்துக்காட்டு 1983-ஆம் ஆண்டிற்குரியது. அவ்வாண்டில் டொயோற்றா நிறுவனம், டீசல் இயந்திரத்தின் அலுமினிய முசலத்தில் மேல்வளையம் அமரும் தவாளிப்பை மட்டும் மட்பொருட் குற்றிழைகளால் வலுவூட்டியது. முசலம் முழுவதையும் வலுவூட்டவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. எவ்விடத்தில் தேய்வு மிகுமோ அவ்விடத்திலே வன்மையை வைத்து, ஏனைய இடங்களில் உலோகத்தின் இயல்பான நெகிழ்ச்சியைக் காத்தனர். கூட்டுப்பொருளின் வெற்றி அதன் எண்ணில் மட்டும் இல்லை. இடமறிந்து பயன்படுத்துவதிலும் உள்ளது.

இத்துறையின் தொடக்க வரலாறே 'வலியது' என்னும் வாய்பாட்டை மறுப்பதாய் அமைந்திருப்பது சுவையானது. 1960-களின் நடுப்பகுதியில், அமெரிக்காவில் சர்வதேச நிக்கல் கம்பனியின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பிரதீப் ரோகத்கி என்னும் இந்திய விஞ்ஞானி, நிக்கல் பூசிய காரீயத் துணிக்கைகளை உருகிய அலுமினியத்தினுட் செலுத்தி வார்ப்பதில் வெற்றி கண்டார். உருகிய அலுமினியம் காரீயத்தை நனைப்பதில்லை. தாமரையிலை நீர்போல் ஒட்டாது விலகும். நிக்கற் பூச்சு அவ்விலகலை நீக்கிற்று. பின்னர் அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும், திருவனந்தபுரத்துப் பிராந்திய ஆராய்ச்சிக்கூடத்திலும் அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். காரீயம் மென்மையானது, அதைச் சேர்த்தால் அலுமினியத்தின் வலிமை குறையும். அவ்வாறிருந்தும் அக்கூட்டுப்பொருள் மதிக்கப்பட்டதேன்? உராயும் பரப்பிற் காரீயம் தானே மசகாகிப் பொறி பற்றிக்கொள்ளாது காத்தமையாலேயே. துறையின் முன்னோடிப் பொருள்களுள் ஒன்றே வலிமை குறைந்ததாய், ஆயினும் தன் தொழிலுக்கு மிகத் தகுந்ததாய் இருந்தது என்பதை வியப்பெழுத்தாளர் கருதிப் பார்ப்பாராக.

இவ்விடத்தில் திருகோணமலை மாவட்டத்துக்கு அணித்தான ஒரு விடயம் எழுகின்றது. சல்லிக்கு வடக்கே, அதே கடற்கரையின் தொடர்ச்சியில், புல்மோட்டையின் கனிய மணல் கிடக்கின்றது. 1957-இல் நிறுவப்பட்ட இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் அதனை அகழத் தொடங்கிற்று. அம்மணலில் இல்மனைற்று மிகுதியாகவும், றூட்டைலும் சேர்க்கோனும் குறைந்த அளவிலும் காணப்படுகின்றன. அலுமினியத்துட் சேர்க்கோன் துணிக்கைகளைப் பரப்பி வார்க்கலாம் என்பதும், அதனால் தேய்வு எதிர்ப்பு உயரும் என்பதும் 1980-களின் தொடக்கத்திலேயே இந்திய ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டன. அவர்களுள் ரோகத்கியும், பிற்காலத்தில் 2018 முதல் 2021 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த சூரப்பாவும் அடங்குவர். காரீயமோ இலங்கையின் பழம்பெரும் ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்று. இவற்றை ஒருங்கு நோக்குவார்க்கு, 'நம் மணலும் நம் காரீயமும் நம்மிடமே கூட்டுப்பொருளாகலாமே' என்னும் எண்ணம் எழுதல் இயல்பு.

அவ்வெண்ணம் இகழத்தக்கதன்று, ஆனால் அதனையும் எடைபோட்டே கொள்ளல் வேண்டும். சேர்க்கோனின் அடர்த்தி ஏறத்தாழ 4.65. கனவளவில் 20 வீதம் சேர்த்தால் கூட்டுப்பொருளின் அடர்த்தி 3.07 ஆகும், சிலிக்கன் காபைட்டுச் சேர்ந்ததினும் அது பாரமானது. ஆகவே நிறைகுறைப்பே நோக்கமாயின் சேர்க்கோன் முதற்றெரிவாகாது. தேய்வைத் தாங்குதலே நோக்கமாயின் ஆகலாம். மேலும், கனவளவில் 20 வீதம் என்பது நிறையளவில் ஏறத்தாழ 30 வீதம். எவ்வளவில் வீதம் கணிக்கப்பட்டதென்று கூறாத அட்டவணையை மற்றோர் அட்டவணையோடு ஒப்பிடுதல், மரக்காலையும் இறாத்தலையும் ஒன்றெனக் கொள்வதாகும். மூலப்பொருள் மண்ணிற் கிடக்கின்றதென்பதாலேயே தொழில் பிறந்துவிடாது. துணிக்கையைச் சுத்தி செய்தல், அளவுபடுத்தல், உருகிய உலோகத்தினுட் கட்டிபடாது பரப்பல், வார்ப்பிற் காற்றுக்குமிழ் சேராது காத்தல், கடினமான அவ்வார்ப்பைக் கடைந்து வடிவாக்கல் என்பன யாவும் கைகூடினாலன்றி மணல் மணலாகவே கப்பலேறும். இவ்வழிப்படிகளைக் கூறாது பெருமையை மட்டும் கூறும் கட்டுரை, இளைஞனுக்கு நாட்டுப்பற்றை ஊட்டலாம், தொழிலறிவை ஊட்டாது.

கடலோரத்தார்க்கு மற்றுமொன்று இன்றியமையாதது. உலோகமும் வலுவூட்டியும் சந்திக்கும் இடைமுகமே கூட்டுப்பொருளின் உயிர்நிலை. அங்குப் பிடிப்பில்லையேல் சுமை துணிக்கைக்குச் செல்லாது. பிடிப்பை நாடி வெப்பத்தை மிகுத்தாலோ, அலுமினியம் சிலிக்கன் காபைட்டோடு தாக்கமுற்று அலுமினியம் காபைட்டைத் தோற்றுவிக்கும். அது நொறுங்குந் தன்மையது. ஈரத்தோடு தாக்கமுற்றுச் சிதைவது. சிலிக்கன் மிகுந்த வார்ப்பு அலுமினியத்தைத் தாய்ப்பொருளாகக் கொள்வதற்கு இத்தாக்கத்தை அடக்குதலும் ஒரு காரணம். காரீயமும் காபன் இழையும் மின்னைக் கடத்துவன. உவர்நீரில் அலுமினியத்தோடு ஒட்டி நிற்கையில் ஒரு சிறு மின்கலமே அங்கு உருவாகி அலுமினியத்தை அரிக்கும். ஆய்வுகூடத்தின் உலர்ந்த காற்றில் பெற்ற வலிமையை உப்புக்காற்று வீசும் கரைக்கு அப்படியே கொண்டுவந்து உரைப்பது பொருந்தாது.

பல்கலைக்கழக ஏடுகளில் வெளிவரும் ஆய்வுகளும் இவ்விமரிசனத்துக்குப் புறம்பானவையல்ல. உருகிய அலுமினியத்தைக் கலக்கித் துணிக்கையைச் சேர்த்து வார்க்கும் முறை எளியது, செலவு குறைந்தது. அதனால் நிலக்கரிச் சாம்பல், சிரட்டைச் சாம்பல், உமிச்சாம்பல் என ஒவ்வொன்றையும் சேர்த்து வன்மையையும் இழுவை வலிமையையும் அளந்து வெளியிடும் வழக்கம் இந்தியப் பொறியியற் கல்லூரிகளிலே பெரிதும் பரவியுள்ளது. முயற்சி பாராட்டுக்குரியதே. ஆயினும், பல ஆய்வுகள் எளிதில் அளக்கக்கூடிய வன்மையோடு நின்றுவிடுகின்றன. நுண்டுளைகளின் வீதம், களைப்பினால் நேரும் முறிவு, பிளவு தாங்குதிறன், அரிப்பு என்பன பேசப்படாது போகின்றன. 2003-இல் சூரப்பா 'சாதனா' ஏட்டில் எழுதிய மீள்நோக்குக் கட்டுரை இத்துறையின் வாய்ப்புக்களோடு இடர்களையும் தலைப்பிலேயே சேர்த்து வைத்து ஆராய்கின்றது. துணிக்கை, குற்றிழை, நீளிழை, ஒற்றையிழை என வலுவூட்டிகளை வகுத்துக்கொண்டு, வகைக்கு வகை வேறாகப் பேசும் அதன் ஒழுங்கு பின்பற்றத்தக்கது. வகுத்த பின்னரே மதிப்பிடல் என்பது இலக்கியத் திறனாய்வுக்கு மட்டும் உரிய விதியன்று.

இறுதியாகச் சொற்கள். இலங்கையில் 1950-களிலும் 1960-களிலும் தாய்மொழிக் கல்வியின்பொருட்டு ஆக்கப்பட்ட கலைச்சொற்கள் 'தகைப்பு', 'விகாரம்', 'யங்கின் மட்டு' என அமைந்தன. தமிழ்நாட்டில் அவை 'தகைவு', 'திரிபு', 'யங் குணகம்' என வழங்குகின்றன. தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரத்தை மூன்றாக வகுத்த இலக்கண மரபு இவ்விரு நாட்டுச் சொல்லாக்கத்துக்கும் பொதுவான ஊற்றாயிருந்தமை இதனால் விளங்கும். இரு வழக்கும் நன்றே. கேடு விளைப்பது இவ்வேற்றுமையன்று. இவையிரண்டையும் விடுத்து 'பலம்', 'உறுதி', 'வலு' என வாய்க்கு வந்ததை எல்லா இயல்புக்கும் பொதுவாக எறியும் பழக்கமே. மட்டு எது, வலிமை எது என்று பத்தாம் வகுப்பிற் பிரித்தறியாத மாணவன், நாளை பொறியியல் பயிலும்பொழுதும், ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கும்பொழுதும் அம்மயக்கத்தையே சுமந்து செல்வான். ஆங்கிலம் அறியாமை தன்னைத் தடுத்ததென்று அவன் எண்ணவுங்கூடும். தடுத்தது தமிழன்று, தமிழைத் தளர்வாக எழுதியோரின் கவலையீனமே.

ஆகவே வலுவூட்டிய அலுமினியத்தைப் பற்றி ஒரு கட்டுரையைக் கையிலெடுக்கும் மாணவன் அதனிடம் சில வினாக்களைக் கேட்பானாக. எந்த இயல்பு உயர்ந்தது? எது தாழ்ந்தது? வலுவூட்டி துணிக்கையா, இழையா? இழையாயின் எத்திசையில் அளந்தனர்? வீதம் கனவளவிலா, நிறையளவிலா? எத்தொழிலுக்கு, எச்சூழலுக்கு அப்பொருள் உரியது? இவற்றுக்கு விடைதரும் கட்டுரை பத்து வரியே ஆயினும் விஞ்ஞானம். விடைதராதது பத்துப் பக்கமாயினும் விளம்பரமே. உலோகத்துக்கு வலுவூட்டுவோர் துணிக்கை உலோகத்தோடு பிணைந்துள்ளதா என்று முதலிற் சோதிப்பர். தமிழில் விஞ்ஞானம் எழுதுவோரும் தம் சொல் பொருளோடு பிணைந்துள்ளதா என்று சோதித்தபின் எழுதுவாராயின், மாணவருலகம் அவர்க்குக் கடப்பாடுடையதாகும்.